டப்பாவில் தண்ணீர் இருந்தது, ரேடியேட்டரில் இல்லை: திருவொற்றியூர்க் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ஒரு காருக்கு நடந்ததை இங்கே எழுதியிருக்கிறேன். காரின் சொந்தக்காரர் சம்மதம் கொடுத்தார். அவர் பெயர், வண்டியின் மாடல், ஏறி இறங்கிய கடைகள் எதையும் சொல்லப்போவதில்லை. நான் லாரிப் பணிமனை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கார் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் சந்தேகம் கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்வேன். இந்தக் காரைப் பற்றி நான் முதலில் சொன்னது தப்பு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி

சொந்தக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வீடு திருவொற்றியூர், வேலை மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில். அலுவலகம் போய்வர மெட்ரோவே போதும். ஆனால் வாரத்தில் மூன்று நாள் மணலி, மாதவரம், எண்ணூர் பக்கமிருக்கும் கன்டெய்னர் கிடங்குகளுக்கு அலைய வேண்டும். அதற்காகப் பிப்ரவரியில் புரோக்கர் மூலம் ஒரு கார் வாங்கினார். ஒன்பது வருடப் பழசு, 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், 78,000 கி.மீ. ஓடியது.

வாங்கும்போது பெயின்ட், டயர், ஏ.சி. மூன்றையும் பார்த்தார். பானெட்டைத் திறந்தபோது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் இருந்தது பச்சையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை; டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்றார் புரோக்கர். அப்படி இருக்கக் கூடாது. முன்னால் வைத்திருந்தவர் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே வண்டியை ஓட்டியிருப்பார் என்று அந்த நிறத்தைப் பார்த்ததும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வண்டி ஓடும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் பெயர்தான் விரைவு. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மிச்சமிருக்கும் இடத்தில் கார் ஊர்ந்துதான் போக வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடிக்கும். நிற்கும் வண்டிக்கு அந்தக் காற்று கிடையாது. ஃபேன் ஒன்றுதான் கதி. ஒரு பக்கம் கடல் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் லாரித் தூசி. ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன.

அப்புறம் தண்ணீர். கடலோரத் திருவொற்றியூரில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அங்கே குளித்தவர்களுக்குத் தெரியும், சோப்பு நுரைக்காது. பக்கெட்டின் உள்பக்கம் படியும் அதே வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். அது போதாதென்று அந்த உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

மார்ச், ஏப்ரல்: ஒன்றன்மேல் ஒன்றாக

மார்ச் முதல் வாரத்தில் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருப்பதைப் பார்த்தார். வீட்டு போர் தண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றினார். பத்து நாள் கழித்து இன்னொரு டம்ளர். அடுத்த முறை யாரோ சொன்னார்கள் என்று கேன் தண்ணீர். வண்டிக்கு அடியில் சொட்டு எதுவும் இல்லாததால், வெயிலில் ஆவியாகிறது என்றே நினைத்துக்கொண்டார்.

மூடிய அமைப்பிலிருந்து தண்ணீர் இவ்வளவு வேகமாக ஆவியாகிப் போகாது. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் பத்து நாளுக்கு ஒரு டம்ளர் குறையக் கூடாது. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அதற்கும் அடுத்த தடவை ஒரு உதிரிபாகக் கடையில் கேட்டார். கடைக்காரர் ஒழுகலை அடைக்கும் திரவம் என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். விலை 450 ரூபாய். அதில் மெல்லிய நாரும் பொடியும் கலந்திருக்கும்; ஒழுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. அடைக்கவும் செய்யும். ஆனால் எது ஓட்டை, எது வழி என்று அந்தப் பொடிக்குத் தெரியாது. ரேடியேட்டர் குழாய்களின் உள் அகலமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதிலும் வருடக்கணக்கில் படிவு ஏறிய குழாய்கள் இவை. முழு பாட்டிலையும் ஊற்றினார். இரண்டு வாரம் மட்டம் இறங்கவே இல்லை. சந்தோஷப்பட்டு, முன்னெச்சரிக்கையாக இன்னொரு பாட்டிலும் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் லாரி வரிசைக்குள் மாட்டினால் ஏ.சி. குளிர்வதில்லை, வண்டி ஓடினால் மறுபடி குளிர்கிறது என்ற புகார் வந்தது. அப்போதுதான் எனக்கு முதல் போன்.

“அண்ணே, நின்னா அனல் அடிக்குது, ஓடுனா ஜில்லுன்னு இருக்குது, இன்னாவா இருக்கும்?”

ஃபேன் ஓடுகிறதா பாருங்கள் என்றேன். ஓடியது. அப்படியானால் கேஸ் குறைந்திருக்கும், ஏ.சி. கடையில் காட்டுங்கள் என்றேன். 1,800 ரூபாய் செலவழித்து கேஸ் நிரப்பினார். பலனில்லை. எஞ்சின் சூடேறியதால்தான் ஏ.சி. குளிரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. “சமீபத்தில் தண்ணீர் ஏதாவது ஊற்றினீர்களா?” என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. போனில் வைத்தியம் பார்க்கும் பழக்கம் அப்போது எனக்கு அதிகம்.

மாத இறுதியில் இன்னொரு மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்ற பேச்சைச் சென்னையில் கார் வைத்திருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். வால்வு சுமார் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். எஞ்சின் சூடாகிவிட்டால் அது எப்படியும் திறந்துதான் இருக்கும். கழற்றுவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. காலையில் எஞ்சின் சூடாக நேரமாகும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகப் போகும். 15 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12-க்கு இறங்கியது. லாரி வரிசையில் அனல் மட்டும் அப்படியே இருந்தது. வால்வைக் கழற்றியும் சூடு குறையவில்லை என்றால் கோளாறு வால்வில் இல்லை என்றுதானே அர்த்தம்? 600 ரூபாய் வாங்கிக்கொண்ட அந்த மெக்கானிக் அதற்குமேல் தேடவில்லை.

மே: காசிமேட்டில் நின்றது

மே இரண்டாவது வாரம், அக்னி நட்சத்திரம், மதியம் இரண்டரை மணி. எண்ணூரிலிருந்து மண்ணடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அன்று காலையும் டப்பாவைப் பார்த்தார். தண்ணீர் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சரியாக இருந்தது.

முதலில் ஏ.சி. அனலாக அடித்தது. அது பழகிப்போன விஷயம் என்று விட்டுவிட்டார். சிறிது நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த வண்டியில் வெப்பம் காட்டும் முள் கிடையாது. எஞ்சின் ஆறியிருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் எதுவுமே எரியாது. ஓரம் கட்டலாம் என்றால் இடப்பக்கம் கன்டெய்னர் வரிசை, பின்னால் நாற்பதடி டிரெய்லர் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் நிறுத்த எனக்கும் தைரியம் வந்திருக்காது. கொஞ்சம் முன்னால் போய் நிறுத்தலாம் என்று ஓட்டினார்.

அப்போது சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

அப்பாடா, சரியாகிவிட்டது என்று நினைத்தாராம். வெப்பம் பார்க்கும் சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாக வேலை செய்யும். தண்ணீர் கீழே இறங்கி, சென்சாரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும் நின்றால் அது குறைத்துக் காட்டும். விளக்கு அணைந்தது ஆறியதால் அல்ல, தண்ணீரே இல்லாததால். அதற்கு மேல் ஒன்றரை கி.மீ. ஓட்டினார். இழுவை குறைந்தது, ஆக்சிலேட்டரை மிதித்தால் கடகடவென்று சத்தம் வந்தது, காசிமேட்டுப் பக்கம் வந்ததும் வண்டி தானாகவே நின்றது.

அங்கே உதவிக்கு ஆள் கேட்கவே வேண்டாம். நாலு பேர் ஓடிவந்து பானெட்டைத் தூக்கினார்கள். மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் டிரைசைக்கிள் ஒன்று பக்கத்தில் நின்றது. அதிலிருந்து வடிந்த தண்ணீரை அரை பக்கெட் பிடித்து, “ஊத்து, ஊத்து, ஆறட்டும்” என்று ஒருவர் எஞ்சின் மேலேயே ஊற்றிவிட்டார். நல்ல மனதோடு செய்ததுதான். கொதிக்கும் அலுமினியத்தின்மேல் ஐஸ் தண்ணீர் பட்டால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளையலாம், விரிசல் விடலாம். ஆனாலும் ஹெட் கெட்டது அதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒன்றரை கி.மீ. ஓட்டத்திலேயே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்கவில்லை என்பது பெரிய அதிர்ஷ்டம். திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கும்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக் கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த தம்பியின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். இந்த முறை போனில் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

பிரித்துப் பார்த்தபோது

மறுநாள் காலை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் இரண்டு லிட்டருக்கு மேல் இறங்கியது. இந்த வண்டி மொத்தமே நாலரை லிட்டர்தான் பிடிக்கும். டப்பாவிலோ தண்ணீர் அப்போதும் நடுக்கோட்டில் நின்றது.

“இன்னாணே இது, டப்பாவுல தண்ணி காட்டுதே!” என்றார் சொந்தக்காரர்.

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் புரிந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன வால்வு உண்டு. எஞ்சின் சூடாகும்போது பெருகும் தண்ணீரை மூடி டப்பாவுக்குத் தள்ளும். ஆறும்போது அந்த வால்வு வழியாக ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நகத்தால் நெம்பினேன், வால்வு அசையவில்லை. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில், ஊறிய அட்டை போல ஒரு பசை. விரலில் தேய்த்தால் நரநரவென்று இருந்தது. 450 ரூபாய் பாட்டிலின் மிச்சம் அது. டப்பாவுக்குப் போன தண்ணீர் திரும்பி வரவே இல்லை. அவர் தினமும் டப்பாவைப் பார்த்து நிம்மதியடைந்துகொண்டிருந்தார், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருந்தது. அந்த மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை 100 டிகிரிக்கு மேல் உயர்த்துவது அதுதான். பம்ப் வைத்துச் சோதித்தபோது 1.1 பார் அழுத்தம் தாங்க வேண்டிய மூடி 0.4-லேயே விட்டுவிட்டது.

பிறகு ரேடியேட்டர் வாயில் பம்ப் மாட்டி 1 பார் அழுத்தம் ஏற்றினோம். ஐந்து நிமிடத்தில் 0.7-க்கு இறங்கியது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. தம்பி டார்ச்சோடு படுத்துப் பார்த்து, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையைக் காட்டினான். அதிலிருந்து எஞ்சின் உடம்போடு ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. கோட்டின் நுனியில் கடுகளவு ஈரம். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதற்காகவே வைத்திருக்கும் துளை அது. சூடாக இருக்கும்போது மட்டும் கசியும், எஞ்சின் சூட்டில் அங்கேயே காய்ந்துவிடும், தரைக்கு வரவே வராது. மார்ச்சில் காணாமல்போன தண்ணீர் போன வழி இதுதான்.

ரேடியேட்டர் வாயில் குப்பி வைத்து நீலத் திரவச் சோதனை செய்தோம். எஞ்சினைச் சில நொடிகள் ஓட்டியதுமே நீலம் மஞ்சளுக்குப் போனது. எரிந்த புகை தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தால் ஒன்றிலும் நான்கிலும் 170 பவுண்டு, நடுவிலிருக்கும் இரண்டு சிலிண்டர்களில் 110, 105. ஹெட்டுக்கும் அதன் கீழிருக்கும் பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட், அந்த இரண்டு சிலிண்டருக்கும் நடுவே போயிருந்தது. எஞ்சின் ஆயில் மட்டும் பால் போல வெளுக்காமல் இருந்தது.

ஹெட்டைக் கழற்றி நேர்ச்சட்டம் வைத்து அளந்ததில் நடுவில் 0.12 மி.மீ. வளைவு. இந்த எஞ்சினுக்கு 0.05 வரைதான் அனுமதி. பிளாக்கின் மேல்தளம் நல்லபடியாக இருந்தது. கழற்றிய ரேடியேட்டரில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். புது ரேடியேட்டரில் பதினைந்து விநாடிக்குள் இறங்கிய தண்ணீர் பழையதில் இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் பேச்சில் வந்தன. ஹெட் கேஸ்கெட்டையே அடைக்கும் திரவம் என்று இன்னொரு பாட்டில் கடைகளில் கிடைக்கிறது. சொந்தக்காரரின் மைத்துனர் அதைச் சிபாரிசு செய்தார். வளைந்த ஹெட்டை எந்தத் திரவமும் நிமிர்த்தாது என்று சொல்லி அதை உடனே தள்ளிவிட்டோம்.

இரண்டாவது, பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கி மாட்டுவது. சொந்தக்காரருக்கு இதில் ஆசை. நான் தடுத்ததற்கு இரண்டு காரணம். அந்த எஞ்சின் எத்தனை தடவை கொதித்தது என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் எண் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்றியாக வேண்டும். அந்த அலைச்சலைப் புதுப்பேட்டை விலையில் யாரும் சேர்ப்பதில்லை. பிளாக் நன்றாக இருக்கும்போது முழு எஞ்சினையும் மாற்றுவானேன் என்பதும் என் கணக்கு.

மூன்றாவதைத்தான் செய்தோம். ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஃபேஸ் செய்தோம், அதாவது வளைந்த தளத்தைச் சீவிச் சமமாக்கினோம். புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், மூடி, ஓஸ்கள். ரேடியேட்டரைக் கழுவிப் பார்க்கலாமே என்று கேட்டார். பித்தளை ரேடியேட்டர் என்றால் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த இந்த வகையில் அது நடக்காது. தெர்மோஸ்டாட்டையும் திரும்ப மாட்டினோம். அதற்குத்தான் நீண்ட வாதம் நடந்தது.

எஞ்சின் உள்பக்கத்தை டிஸ்டில்டு வாட்டரால் மட்டும் மூன்று தடவை அலசினோம். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டாம் என்றேன், ஏற்கெனவே உப்பு அரித்த அலுமினியம். முதல் அலசலில் வந்தது காபி டிகாக்ஷன் நிறம். மூன்றாவதில் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்துத் திருப்தியான பிறகே, தண்ணீர் கலக்கத் தேவையில்லாத ரெடிமேட் கூலன்ட் ஊற்றினோம்.

மொத்தம் 24,050 ரூபாய் ஆனது. அதில் கூலி 7,000. இதற்கு முன்னால் இரண்டு பாட்டில், ஏ.சி. கேஸ், வால்வு கழற்றிய கூலி என்று போனது 3,300. மார்ச்சிலேயே வாட்டர் பம்பை மட்டும் மாற்றிக் கூலன்ட் ஊற்றியிருந்தால், தம்பியின் கணக்குப்படி, 4,700-க்குள் முடிந்திருக்கும்.

பிறகு

பட்டறையில் வண்டி பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரை விம்கோ நகரில் மெட்ரோ ஏறி மண்ணடிக்குப் போனார். அது வசதியாகத்தான் இருந்தது என்று ஒத்துக்கொண்டார்.

வண்டி வந்ததும் வெப்பம் காட்டும் முள் இல்லாத குறைக்கு, ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி மொபைலில் அளவு பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கச் சொன்னேன். விலை 900 ரூபாய். கடையில் விற்கும் கூடுதல் சாமான் எல்லாவற்றையும் குப்பை என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஓடும்போது 86 முதல் 88 டிகிரி, லாரி வரிசையில் ஏ.சி. போட்டு நின்றால் 94 முதல் 97, ஃபேன் ஓடியதும் இறங்குகிறது. இரண்டு வாரம் வேறு வேலையே இல்லாமல் இதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மைலேஜ் 15-க்குத் திரும்பியது.

டப்பாவில் மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினோம். மாதம் ஒருமுறை, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, டேப்பையும் ரேடியேட்டர் மூடிக்குள்ளேயும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. டிசம்பர் வரை 4,600 கி.மீ. ஓடியதில் மட்டம் டேப்பின் அகலத்துக்குள்ளேயே நிற்கிறது. மிக்ஜாம் புயலுக்கு முன்தினமே வண்டியை மேடான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அதனால் வெள்ளக் கணக்கு எதுவும் இதில் கலக்கவில்லை.

இன்னொரு தடவை வந்தால்

தண்ணீர் குறைகிறது என்று யாராவது சொன்னால், எத்தனை நாளில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன். அப்புறம் அழுத்தச் சோதனை. கொருக்குப்பேட்டைத் தம்பி அப்போது அதற்கு 300 ரூபாய் வாங்கினான், கால் மணி நேர வேலை. கசிவைக் கண்ணால் பார்க்காமல் எதையும் ஊற்ற விடுவதில்லை. பழைய கார் வாங்குகிறவர்களிடம் டயரைப் பார்ப்பதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன், எஞ்சின் ஆறிய பிறகு.

சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏ.சி.யை அணை, ஹேசார்டு விளக்கைப் போடு, ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடு, கிடைக்கிற முதல் இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்து, முக்கால் மணி நேரத்துக்கு மூடியைத் தொடாதே. பின்னால் டிரெய்லர் ஆரன் அடித்தால் அடிக்கட்டும்.

இதில் ஹீட்டர் விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. அந்தப் பொடி ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரையும் பாதி அடைத்துவிட்டது. முழுக்கத் திறந்தாலும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. சென்னையில் ஹீட்டர் இல்லாததால் யாரும் குளிரில் விறைக்கப்போவதில்லை. ஆனால் எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டருக்கு மேல் கூடுதலாகச் சூட்டை வெளியே இழுக்கிற வழி அது ஒன்றுதான், அதில் இவருக்கு இப்போது பாதிதான் இருக்கிறது. மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், கூலியே 8,000 கேட்டார்கள். இந்த வருடம் வேண்டாம் அண்ணே என்றார். நானும் வற்புறுத்தவில்லை.